கோழிக்கூண்டில் ஒரு சித்திரசாலை

போட்டோ எடுத்துக்கொள்வது என்பது நம் குடும்பங்களில் ஒரு காலத்தில் கல்யாணம், சீமந்தம் முதலியவற்றுக்கு அடுத்தபடியான பெரிய விசேஷமாக இருந்தது. தாத்தா நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். பாட்டி பக்கத்தில் நிற்பாள். பின்னால் ஒரு படுதா தொங்கும். அதில் ஒருவரும் கண்டிராத ஒரு மாளிகையும் ஏரியும் எழுதியிருக்கும். முக்காலியின்மேல் காகிதப் பூ. கறுப்புத் துணிக்குள்ளிருந்து, "அசையாதேயுங்கள்" என்று அசரீரி மாதிரி ஒரு குரல் வரும். இவ்வளவு ஏற்பாட்டுக்கும் பிறகு, படத்தில் இருப்பவர்கள் கச்சேரிக்குச் சாட்சி சொல்ல அழைத்துவரப்பட்டவர்கள்போல் விழித்துக்கொண்டிருந்தால், அதற்கு அவர்களைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. ஓரத்தில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓர் அம்மாள் நிற்பாள். அவள் யார் என்று கேட்டால் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

இம்மாதிரியான ஜோடனைகள் எதுவும் இல்லாமல், தம் வீட்டுக் கோழிக்கூண்டிலேயே மனிதர்களை உட்காரவைத்துப் படம் எடுத்து, உருவப் படக் கலையில் முதல் வரிசையில் இடம் பெற்றுவிட்ட ஓர் அம்மையாரைப் பற்றி இந்த வாரம் எழுதுகிறேன். அவர் பெயர் ஜூலியா மார்கரெட் காமெரான். (காமிராவுக்கும் காமெரானுக்கும் உறவு ஒன்றும் கிடையாது. அது கணவர் குடும்பத்துப் பெயர். தற்செயலாகப் பொருந்தி வந்தது.) 1815-ம் ஆண்டில் கல்கத்தாவில் பிறந்தவர், 1879-ல் இலங்கையில், டிக்கோயா மலைப் பிரதேசத்தில் காலமானவர். பேர்போன படங்களையெல்லாம் அவர் எடுத்தது இங்கிலாந்தின் தென் கரையை ஒட்டிய வைட் தீவில். முதன் முதலாகக் காமிரா அவர் கைக்கு வந்தபோது வயது 48. ஆறு குழந்தைகளைப் பெற்று வளர்த்தாயிற்று, "இனிமேல் என்ன?" என்று நம் ஊர்ப் பெண்மணிகள் ராமாயணமும் கையுமாக உட்கார்ந்துவிடுகிற வயது.

அவருடைய கணவர் சார்லஸ் ஹே காமெரான் மனைவியைவிட இருபது வயது மூத்தவர்; பெரிய சட்ட நிபுணர். மெக்காலே துரையோடு சேர்ந்து இந்தியன் பீனல் கோடுக்கு நகல் தயாரித்தவர்களில் ஒருவர். 1860-ல் சட்டமாகி, நம் தலைவர்கள் பலரைச் சிறைக்கு அனுப்பி, 2024-ம் ஆண்டு வரையில் அமுலில் இருந்த அந்தப் புஸ்தகத்தில் இவர் கைவரிசையும் உண்டு. அதற்கு முன்னால், இலங்கை நிர்வாகத்தை ஆராய்ந்த கமிஷனில் இருந்தார். சிங்கள நாட்டு ஜனங்களைக் கட்டாய வேலை வாங்கிய ராஜகாரியம் என்ற முறையை எடுத்துவிடும்படி சொன்னது அந்தக் கமிஷன்தான். பிறகு அந்த மலைகளிலேயே நிலம் வாங்கிக் காப்பித் தோட்டம் போட்டார். கட்டாய வேலை ஒழிந்த மலையில் காப்பிச் செடிக்கு வேலை செய்ய ஆள் வேண்டுமே! அந்த ஆட்கள் நம் பக்கத்திலிருந்து போனார்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கும் கண்டிக்கும் நடந்தார்கள்; போய்ச் சேராதவர்களும் அநேகர். வைட் தீவுக் குடும்பத்தின் வரும்படியில் ஒரு பெரும் பங்கு அந்த மலைகளை நம்பியிருந்தது. 1860-ல் அம்மையார் பிரெஷ்வாட்டர் என்ற கிராமத்தில் அடுத்தடுத்து இருந்த இரண்டு வீடுகளை வாங்கி, நடுவே ஒரு கோபுரம் கட்டி ஒன்றாக இணைத்தார். அதற்கு வைத்த பெயர் டிம்போலா. இலங்கையில் டிம்புலா என்று நாம் கேள்விப்படுகிற இடத்தின் பெயர்தான்.

1863-ம் ஆண்டு டிசம்பரில் கணவர் இலங்கைத் தோட்டங்களைப் பார்க்கப் போயிருந்தார். பிள்ளைகளும் ஆளுக்கொரு பக்கம். அம்மா தனியாக இருக்கிறாளே, பொழுது போவதற்கு ஏதாவது வேண்டுமே என்று மகளும் மாப்பிள்ளையும் ஒரு காமிராவை வாங்கிக் கொடுத்தார்கள். பொழுதுபோக்குக்காகக் கொடுத்த சாமான் பொழுது முழுவதையும் விழுங்கிவிட்டது. நிலக்கரி போட்டுவைக்கும் அறை இருட்டறையாயிற்று. கண்ணாடி போட்ட கோழிக்கூண்டு ஸ்டூடியோவாயிற்று. கோழிகளுக்கு விடுதலை கிடைத்தது. அவற்றை ஒருவரும் தின்றிருக்கமாட்டார்கள் என்று நம்புவதாக அம்மையார் பிற்பாடு எழுதிவைத்தார். நாமும் அப்படியே நம்புவோம். புது முட்டை விற்றுக் கிடைத்துக்கொண்டிருந்த காசு போயிற்றே என்று பையன்களுக்குத்தான் வருத்தம். கோழி போனாலும் முட்டையின் உறவு போகவில்லை: அக்காலத்தில் படத்தை அச்சிடுவது முட்டை வெண்கரு பூசிய காகிதத்தில்தான்.

இன்று சட்டைப் பையிலிருந்து டெலிபோனை எடுத்து நிமிஷத்துக்கு நூறு படம் எடுக்கிறோம். அம்மையார் ஒரு படம் எடுப்பதற்குப் பட்ட பாட்டைக் கேளுங்கள். முதலில் ஒரு கண்ணாடித் தகட்டைப் பளிச்சென்று துடைக்க வேண்டும். அதன்மேல் கொலோடியன் என்ற பசையை ஊற்றி, ஆப்பச் சட்டியைச் சுழற்றி மாவைப் பரப்புகிறோமே, அதுபோலத் தகட்டைச் சாய்த்துச் சாய்த்து நான்கு மூலைக்கும் ஓடவிட வேண்டும். பிறகு இருட்டறையில் வெள்ளி நைட்ரேட் திராவகத்தில் முக்க வேண்டும். ஈரம் சொட்டச் சொட்ட எடுத்துக்கொண்டு ஓடிக் காமிராவில் சொருக வேண்டும். எதிரே உட்கார்ந்திருப்பவர் மூன்று நிமிஷம், ஐந்து நிமிஷம், சில சமயம் ஏழு நிமிஷம் ஆடாமல் அசையாமல் இருக்க வேண்டும். அது முடிந்ததும் தகட்டோடு மறுபடி ஓட்டம். ஈரம் உலருவதற்குள் கழுவியாகவேண்டும், உலர்ந்துவிட்டால் படம் இல்லை. முதலில் வந்த காமிராவின் தகடு 11 அங்குலத்துக்கு 9 அங்குலம். 1866-ல் வாங்கியது 15-க்கு 12. சிறிய ஜன்னல் கதவு அளவு கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு, ஐம்பது வயதை எட்டியவர், தரையைப் புரட்டும் கவுனோடு நாளெல்லாம் கூண்டுக்கும் அறைக்குமாக ஓடியிருக்கிறார்.

பிரெஷ்வாட்டர் என்றால் நன்னீர் என்று அர்த்தம். ஊர்ப் பெயர்தான் அப்படி. அம்மையாரின் இருட்டறையில் குழாய்த் தண்ணீர் கிடையாது. ஒரு படத்தைக் கழுவுவதற்குக் கிணற்றிலிருந்து ஒன்பது பாத்திரம் தண்ணீர் கொண்டுவர வேண்டியிருந்தது என்று அவரே எழுதியிருக்கிறார். யார் இறைத்தார்கள், யார் சுமந்தார்கள் என்று படத்தின் ஓரத்தில் எழுதும் வழக்கம் எந்தத் தேசத்திலும் இல்லை.

முதல் முதலாக ஒரு குடியானவரைக் கூலி பேசி உட்காரவைத்து எடுத்த படத்தை, ஈரத்தின்மேல் தம் கையையே தேய்த்து அழித்துவிட்டார். அப்புறம் இரண்டு குழந்தைகளை உட்காரவைத்தார். நீண்ட நேரம் பொறுத்திருந்து, முடிகிற சமயத்தில் ஒரு குழந்தை குபீரென்று சிரித்துவிட்டது, தகடு போயிற்று. 1864-ம் ஆண்டு ஜனவரியில் ஆனி என்ற சிறுமியைத் தனியாக எடுத்த படம்தான் தேறியது. அம்மையாருக்குத் தலைகால் புரியவில்லை. வீடு முழுதும் ஓடி ஓடி அந்தக் குழந்தைக்குக் கொடுப்பதற்குப் பரிசுகள் தேடினாராம். படத்தை எடுத்தது தாம் என்பதே மறந்து, முழுதும் அந்தக் குழந்தை செய்த காரியம் என்று தோன்றிற்றாம். அன்றைக்கே அச்சிட்டுக் கழுவிச் சட்டம் போட்டு, குழந்தையின் தகப்பனாரிடம் கொடுத்தும் ஆயிற்று. பொத்தான் மேலே கழுத்துவரை போட்ட கோட்டு, ஒரு பக்கம் சாய்ந்த பார்வை, சீப்புக்கு அடங்காத தலைமயிர் — இவ்வளவுதான் படம். நூற்று அறுபது வருஷத்துக்குப் பிறகும் அந்தப் பெண் சுவாசிப்பதுபோல் இருக்கிறது.

கணவர் இலங்கையிலிருந்து திரும்பிய பின் வீட்டில் ஒரு நித்திய விழா ஏற்பட்டது. ஒவ்வொரு படமும் தகட்டில் தோன்றியதும், அம்மையார் அதை ஈரத்தோடு ஏந்திக்கொண்டு சாப்பாட்டு அறைக்கு ஓடி வருவார். வெள்ளைத் தாடியும் நீண்ட வெண்முடியுமாகக் காட்சி தரும் அந்தக் கிழவர் பார்த்துவிட்டு, "பேஷ்" என்பார். தகட்டிலிருந்து வெள்ளி நைட்ரேட் மேஜை விரிப்பில் சொட்டும். எந்த வண்ணானாலும் போக்க முடியாத கறை அது. வேறு வீடாக இருந்திருந்தால் தம்மை வெளியே துரத்தியிருப்பார்கள் என்று அம்மையாரே ஒப்புக்கொண்டிருக்கிறார். ஒரு குடும்பத்தில் சௌஜன்யம் இருக்கிறதா இல்லையா என்பதை அளக்க மேஜை விரிப்பைவிடச் சிறந்த கருவி எனக்குத் தெரியவில்லை. எழுபது வயதுக்கு மேற்பட்ட சட்ட நிபுணர், மனைவி சொன்ன வேஷமெல்லாம் போட்டுக்கொண்டு காமிராவுக்கு முன் நின்றார். ஆர்தர் மகாராஜாவின் கதைக்கு மெர்லின் என்ற மந்திரவாதியாக நிறுத்தினால், கூடாத நேரம் பார்த்து அவருக்குச் சிரிப்பு வந்துவிடும். பீனல் கோடு எழுதியவருக்குச் சிரிப்பை அடக்கத் தெரியாமற் போனதில் எனக்குச் சற்றுத் திருப்திதான்.

அம்மையாரும் அவருக்குச் சளைத்தவரல்லர். கணவருக்குக் காலாற நடக்கப் புல்தரை இல்லையே என்று ஒரு நாள் தோன்றிவிட்டது. இரவோடிரவாக, லாந்தர் வெளிச்சத்தில், காய்கறித் தோட்டத்தைப் புரட்டிப் புல்லைக் கொண்டுவந்து பதித்து, காலையில் அவர் ஜன்னலைத் திறந்தபோது பச்சைக் கம்பளம் விரித்ததுபோல் புல்தரை இருந்தது என்று சொல்வதுண்டு. தபால் எழுதுவதிலும் இதே வேகம். தபால்காரர் மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பின பிறகுதான் பின்குறிப்புக்கள் ஆரம்பமாகும். பின்குறிப்புடன் தோட்டக்காரரை ஓட்டி, அவருக்குப் பின்னால் தோட்டக்காரப் பையனையும் விரட்டுவாராம். இம்மாதிரி ஹாஸ்யக் கதைகளைப் பரப்பியவர் அம்மையாருடைய தங்கையின் பேத்தியான வர்ஜீனியா வுல்ப் என்னும் எழுத்தாளர். அவர் பிறந்தது 1882-ல். பெரிய பாட்டியை நேரில் பார்த்ததில்லை. ஆகையால் குடும்பத்தில் கைமாறி வந்த கதைகளுக்கு எவ்வளவு கால் முளைக்குமோ அவ்வளவையும் கழித்துவிட்டுப் படிப்பது நல்லது.

சிநேகத்தில் அம்மையார் ஒரு பெருமழை. ஹென்றி டெய்லர் என்ற கவிஞருடைய மனைவிக்கு விலை உயர்ந்த இந்தியச் சால்வை ஒன்றை அனுப்பினார். இத்தனை பெரிய பரிசு வேண்டாமென்று அந்த அம்மாள் திருப்பிவிட்டாள். பல மாதம் கழித்து அவள் தீராத நோயாளிகளுக்கான ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, அங்கே ஓர் அருமையான சாய்வுப் படுக்கையில் "டெய்லர் சீமாட்டியின் நன்கொடை" என்று தன் பெயரே பொறித்திருந்ததைக் கண்டு திகைத்தாளாம். திரும்பி வந்த சால்வைதான் படுக்கையாக மாறியிருந்தது!

அடுத்த வீட்டுக்காரர் என்று சொல்லக்கூடிய தூரத்தில் மகாகவி டென்னிஸன் இருந்தார். அம்மையார் எடுத்த தம் படம் ஒன்றுக்கு அந்தக் கவியே "அழுக்குச் சாமியார்" என்று பெயர் வைத்துவிட்டு, அதுதான் தமக்கு மிகவும் பிடித்த படங்களில் ஒன்று என்றும் சொல்லிவந்தார். 1868-ல் அமெரிக்கக் கவி லாங்பெல்லோ வந்தபோது, டென்னிஸன் அவரை அம்மையாரிடம் அழைத்துக்கொண்டுபோய் விட்டு, சொன்னபடியெல்லாம் கேட்டு நடக்கும்படியும், தாம் திரும்பி வந்து மிச்சம் மீதி என்ன இருக்கிறதென்று பார்ப்பதாகவும் எச்சரித்துவிட்டு நழுவினாராம். அதே வருஷம் டார்வின் குடும்பத்தோடு வந்து அம்மையாருடைய வீட்டில் குடியிருந்தார். அவர் முகமும் தகட்டில் ஏறிற்று.

இந்தச் சிநேகிதர்களில் தலையாயவர் வானசாஸ்திரி ஸர் ஜான் ஹெர்ஷல். 1836-ல் நன்னம்பிக்கை முனையில் அவரைச் சந்தித்தார். அப்போது அம்மையாருக்கு வயது 21. (கணவரைச் சந்தித்ததும் அங்கேதான்.) புகைப்படக்காரர்கள் இன்றும் "ஹைப்போ" என்று சொல்லும் உப்பு வெள்ளிச் சத்தைக் கரைக்கும் என்று 1819-லேயே கண்டுபிடித்தவர் ஹெர்ஷல். புகைப்படக் கலை பிறந்த புதிதில் கல்கத்தாவிலிருந்த அம்மையாருக்கு அதன் செய்தியையும் மாதிரிகளையும் அனுப்பினவரும் அவரே. அம்மையார் படம் கழுவுவதற்குப் பொட்டாஸியம் ஸயனைடு என்ற கொடிய விஷத்தைக் கையில் வழிய வழிய உபயோகிக்கிறார் என்று கேட்டு, ஜாக்கிரதை, ஜாக்கிரதை என்று கடிதம் எழுதினார். 1867-ல் அம்மையார் அவருடைய வீட்டுக்கே காமிராவோடு போய், தலைமயிரைக் கழுவிப் பஞ்சுபோல் பறக்கவிடச் செய்து, அந்த எழுபத்தைந்து வயது முகத்தைப் படம் எடுத்தார். இருட்டின் நடுவே கண்கள் மட்டும் ஏதோ தூரத்து நட்சத்திரத்தைப் பார்த்துப் பழகியவையாக மின்னுகின்றன. முப்பது வருஷச் சிநேகம் இல்லாமல் அந்தப் படம் வந்திராது. அக்காலத்துப் புகைப்படச் சங்கத்து நிபுணர்கள் இவருடைய படங்கள் மங்கல், விரல் ரேகை தெரிகிறது, தகட்டில் கீறல் என்று பட்டியல் போட்டார்கள். பட்டியலில் உள்ளவை எல்லாம் உண்மையே. நிபுணர்களின் படங்களை இன்று தேடுவார் இல்லை.

பெரிய மனிதர்கள் எப்போதோ வருவார்கள். தினந்தோறும் கூண்டில் உட்கார்ந்தவர்கள் வீட்டு வேலைக்காரப் பெண்கள். மேரி ஹில்லியர் என்ற உள்ளூர்ப் பெண் மேஜை துடைப்பதற்கும் விருந்தாளிகளுக்குக் கதவு திறப்பதற்குமாக வேலைக்கு வந்தவள். அம்மையார் அவளைக் குழந்தை ஏசுவின் தாயாக உட்காரவைத்தார். மேரி கூண்டில் தேவமாதாவாக இருக்கும் நேரத்தில், வாசல் மணி அடித்தால் விருந்தாளியே போய்க் கதவைத் திறக்க வேண்டியதுதான். படகுத்துறையில் சாமான் தூக்கும் போர்ட்டர் ஒருவர் ஆர்தர் மகாராஜா ஆனார். படங்களின் கீழே "தேவமாதா" என்றுதான் எழுதியிருக்கும். டென்னிஸன், டார்வின் என்றால் பெயர் எழுதியிருக்கும். இந்த வித்தியாசம் அந்த வீட்டிலும் இருந்தது. ஆனாலும் ஊருக்கே அந்த முகம் தெரியும். "மேரி மடோனா" என்று கூப்பிட்டார்கள். அவள் 1936 வரையில் வாழ்ந்தாள். ஆகையால் இன்று அருங்காட்சிசாலையில் அந்தப் படங்களுக்குப் பக்கத்தில் அவள் பெயரையும் போட முடிகிறது.

மற்றொரு மேரியின் கதைதான் நம்மவர் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது. 1859-ல், குடும்பம் லண்டனுக்கு அருகே பட்னியில் இருந்தபோது, ஐரிஷ்காரி ஒருத்தி சிறுபெண்ணோடு வெளியில் பிச்சை எடுத்துக்கொண்டிருந்தாள். அம்மையார் இருவரையும் வீட்டுக்கு அழைத்துவந்தார். தாயார் சீக்கிரம் போய்விட்டாள், பெண் தங்கினாள். மேரி ரையன் என்ற அந்தப் பெண் அம்மையாரின் பிள்ளைகளோடு எழுத்துப் படித்தாள், வீட்டு வேலை செய்தாள், படத்துக்கும் உட்கார்ந்தாள். ஷேக்ஸ்பியர் நாடகத்து மிராண்டாவாக அவளை எடுத்த படம் ஒன்று உண்டு. லண்டனில் அம்மையாருடைய படங்களின் கண்காட்சி நடந்தபோது, அங்கே மேற்பார்வைக்கு நின்றவளும் அவள்தான். ஓர் இளைஞர் வந்தார். சுவரில் இருந்த முகத்தைப் பார்த்தார். எதிரே நின்ற முகத்தையும் பார்த்தார். மேரி தோன்றும் படங்களையெல்லாம் வாங்கினார். அவள் கையால் எழுதிக் கொடுத்த ரசீதைப் பத்திரமாக மார்போடு வைத்துக்கொண்டிருந்தார் என்பார்கள். 1867-ல் அவர் டிம்போலாவுக்கு வந்து முறைப்படி பெண் கேட்டார். அந்த வருஷமே கல்யாணம் நடந்தது. தம் படத்தினால் ஒரு விவாகம் நடந்தது என்பதில் அம்மையாருக்கு இருந்த பெருமை, கண்காட்சியில் வாங்கிய மெடல்களில்கூட இருந்ததாகத் தெரியவில்லை.

அந்த இளைஞரின் பெயர் ஹென்றி காட்டன். 1845-ல் அவர் பிறந்த ஊர் நம் கும்பகோணம்! (கோதாவரிக்கு அணை கட்டிய ஆர்தர் காட்டன் வேறு ஒருவர்.) கல்யாணமான வருஷமே ஐ. ஸி. எஸ். உத்தியோகத்தில் வங்காளம் போனார். மிட்னாபூரில் அவருக்கு மேலதிகாரியாக இருந்தவர் ஹெர்ஷலின் மகன் வில்லியம் ஹெர்ஷல். கைரேகை மனிதனுக்கு மனிதன் மாறும் என்பதை நிர்வாகத்தில் முதலில் பயன்படுத்தியவர். 1896 முதல் 1902 வரையில் காட்டன் அஸ்ஸாமில் சீப் கமிஷனராக இருந்தார். தேயிலைத் தோட்டத்துக் கூலிகளுக்குச் சம்பளம் உயர்த்த வேண்டுமென்று வாதாடித் தோட்டத் துரைமார்களின் பகையையும் சம்பாதித்துக்கொண்டார். பென்ஷன் வாங்கிக்கொண்ட பின், 1904-ம் ஆண்டு பம்பாயில் கூடிய காங்கிரஸ் மகாசபைக்குத் தலைமை வகித்தார். வங்காளப் பிரிவினையை எதிர்த்துப் பேசினார். பட்னி மைதானத்தில் பிச்சைக்காரியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற சிறுமி, காங்கிரஸ் அக்கிராசனரின் மனைவியாக, காட்டன் சீமாட்டியாக விளங்கினாள். காப்பித் தோட்டத்து வரும்படியில் நடந்த ஒரு வீட்டின் கோழிக்கூண்டிலிருந்து, தேயிலைத் தோட்டத் தொழிலாளிக்குப் பரிந்து பேசியவருடைய சம்சாரம் புறப்பட்டது. கதாசிரியர் எவராவது இப்படி எழுதினால் நம்பமாட்டோம்.

1869-ல் இலங்கைக் காப்பிச் செடிகளில் இலைத்துரு நோய் கண்டது. வருமானம் தேய்ந்தது. 1873-ல் காமிராவைப் பரிசளித்த மகள் பிரசவத்தில் இறந்துபோனாள். பிள்ளைகளோ இலங்கையில். 1875-ல் வயோதிகத் தம்பதிகள் டிம்போலாவை விட்டுப் புறப்பட்டார்கள். ஒரு பசுமாடும் இரண்டு சவப்பெட்டிகளும் கூடப் போயின என்று சொல்வதுண்டு; நல்ல சவப்பெட்டி அங்கே கிடைக்குமோ கிடைக்காதோ என்று, உள்ளே பீங்கான் சாமான்களை அடுக்கி எடுத்துப்போனார்களாம். கையில் சில்லறை இல்லாததால், சாமான் தூக்கிய போர்ட்டர்களுக்கு அம்மையார் கார்லைல் முதலியவர்களின் படங்களை இனாமாகக் கொடுத்தாராம். அந்தப் போர்ட்டர் மனத்திற்குள் என்ன சொல்லிக்கொண்டாரோ! பத்திரமாக வைத்திருந்தால் பேரப்பிள்ளைகள் வீடு வாங்கியிருக்கலாம்.

இலங்கையில் காலத்தைக் களுத்துறைக் கடற்கரையிலும் மலைத் தோட்டத்திலுமாகக் கழித்தார்கள். 1877-ம் ஆண்டுத் தொடக்கத்தில் மரியன் நார்த் என்ற ஓவியப் பெண்மணி களுத்துறை வீட்டுக்கு விருந்தாளியாக வந்து, கண்டதை எழுதிவைத்தாள். சுவரெல்லாம் படம், இடம் கொள்ளாமல் நாற்காலியிலும் தரையிலும் ஈரம் பாய்ந்த புஸ்தகங்களோடு படங்கள் கலந்து கிடந்தன. முயலும் மைனாவும் இஷ்டம்போல் உள்ளே வந்து போயின. அம்மையார் விருந்தாளியை விட்டுவைப்பாரா? காஷ்மீரச் சால்வையைச் சுற்றி, தலையை விரித்துப்போட்டு, கொளுத்தும் நடுப்பகலில் தென்னங்கீற்றுக்கு அடியில் நிறுத்தி, இயற்கையாக இருக்கும்படி கட்டளையிட்டார்.

மரியன் நார்த் எழுதியவற்றில் ஒரு செய்தி என் மனத்தில் தங்கிவிட்டது. அந்தப் பக்கத்து ஆள் ஒருவருடைய முதுகின் அழகில் அம்மையார் மயங்கி, அவரைத் தோட்டக்காரராக வைத்துக்கொள்ள வேண்டுமென்று பிள்ளையை வற்புறுத்தினார். வீட்டுக்குத் தோட்டமே கிடையாது. தோட்டக்காரன் என்றால் என்னவென்று அந்த மனிதருக்கும் தெரியாது. வேடிக்கையாகத்தான் எழுதியிருக்கிறாள். படித்தவுடன் நானும் சிரித்தேன். பிறகு, அந்த முதுகு எத்தனை மூட்டை சுமந்து அவ்வாறு ஆயிற்று என்று யோசனை வந்தது. டென்னிஸனுடைய வீட்டு வாசலில் நின்று கண்ட சொந்தம், மேரியோடு ஒரே கூரையின்கீழ் இருந்த பழக்கம், இவை இங்கே வாய்க்கவில்லை. அம்மையார் அன்பில்லாதவர் என்று ஒருவரும் சொல்ல முடியாது. வயது அறுபதைத் தாண்டிவிட்டது, பாஷை வேறு, வெயிலில் கொலோடியன் நொடியில் உலரும், எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் தோட்டத்துச் சொந்தக்காரரின் மனைவி, எதிரே நிற்பவர்கள் அதே மாதிரித் தோட்டங்களில் பெயர்ப் பதிவில் ஏறிய ஆட்கள்.

அவர் வாழ்நாளில் எடுத்த படங்கள் ஆயிரத்துக்கு மேல் கணக்கில் உள்ளன. ஐந்நூறுக்கு மேற்பட்டவற்றுக்கு முறைப்படி உரிமையும் பதிவு செய்திருந்தார். இலங்கையில் எடுத்தவற்றில் நமக்கு மிஞ்சியவை முப்பதுக்கும் குறைவு. குடத்தோடு நிற்கும் பெண்கள், தோட்டத்து வேலைக்காரர்கள், மரத்தடியில் ஒரு கூட்டம். நல்ல படங்கள்தான். பிரெஷ்வாட்டரில் ஒரு கையகலத்துக்குள் வந்து நின்ற காமிரா இங்கே சிறிது எட்டி நிற்கிறது. ஒரு முகம் மட்டும், வேலை செய்யும் ஓர் இளம்பெண்ணின் முகம், நேரே நம்மைப் பார்க்கிறது. கோபமா, அயர்ச்சியா, யாரோ வெள்ளைக்காரக் கிழவி சொன்னாள் என்று நிற்கிறாளா என்று தெரியவில்லை.

1879-ம் ஆண்டு ஜனவரி 26-ந் தேதி டிக்கோயாவில் அம்மையாரின் உயிர் பிரிந்தது. மறு வருஷம் கணவரும் போனார். இருவரையும் பொகவந்தலாவையில் ஒரு சிறு மாதா கோயில் வளவில் அடக்கம் செய்தார்கள். காப்பி செத்துத் தேயிலை வந்தது. கல்லறையைச் சுற்றிலும் உள்ள மலைச் சரிவுகளில் கொழுந்து பறிக்கும் பெண்கள் தமிழ் பேசுகிறார்கள். கல்லில் தம்பதிகளின் பெயர் இருக்கிறது.

1878-ல் களுத்துறையில் எடுத்த படம் ஒன்றில் ஒரு கிழவரும் ஓர் இளைஞரும் ஒரு பெண்ணும் நிற்கிறார்கள். படத்தோடு சேர்ந்து ஒரு குறிப்பு இருக்கிறது: அந்தப் பெண்ணுக்கு 12 வயதாம், தான் அவளுடைய தகப்பன் என்று கிழவர் சொல்கிறாராம், தமக்கு வயது நூறு என்றும் சொல்கிறாராம். அம்மையார் அவர்களிடம் வயது கேட்டிருக்கிறார், உறவு கேட்டிருக்கிறார். கிழவர் சொன்னதை நம்பாமல் புன்சிரிப்புடன் எழுதியும் வைத்திருக்கிறார். மூவர் பெயரும் அதில் இல்லை.